காவல் அணுக்கள் – 12: இரண்டாவது சாவி

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால், ஓரிரு நாளில் தொடை இடுக்கில் ஒரு கட்டி உருளும், தொட்டால் வலிக்கும். ‘நெறி கட்டியிருக்கு’ என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். புண் பாதத்தில் இருக்க, வீக்கம் ஏன் அங்கே? காலிலிருந்து வடியும் நிணநீர், தொடை இடுக்கிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குத்தான் போய்ச் சேர்கிறது. கிருமியின் துண்டுகளும் அதோடு போகும். போன வாரம் பார்த்தோமே பி செல்கள், அவற்றுக்கு வேலை தொடங்குவது அந்த முடிச்சில்தான்.

ஒவ்வொரு பி செல்லின் மேலும் ஒரே வகை ஏற்பிகள் நிறைந்திருக்கும். அதற்குப் பொருந்துகிற கிருமி வந்தால் ‘லபக்’கென்று பிடித்துக்கொள்ளும். ஆனால், பிடித்த கையோடு ஆன்டிபாடி தயாரிப்பில் முழுமூச்சாக இறங்கிவிடாது. பிடித்ததை உள்ளே இழுத்து, நறுக்கி, அதிலுள்ள புரதத் துணுக்கைத் தன் மேற்பரப்பில் எடுத்துக் காட்டும். அந்தத் துணுக்கை அடையாளம் தெரிந்த உதவி டி செல் ஒன்று வந்து பார்த்துச் சம்மதம் தர வேண்டும். வங்கி லாக்கரை நம் சாவியால் மட்டும் திறக்க முடியாது அல்லவா, அதுபோல. இவ்வளவு கெடுபிடி எதற்கு? நம் உடலின் சொந்தப் புரதங்களைப் பிடிக்கக்கூடிய பி செல்களும் கூட்டத்தில் உண்டு. அவை தம் இஷ்டத்துக்குக் கிளம்பினால், உடம்பே உடம்பைத் தாக்கும்.

சம்மதம் கிடைத்த பி செல் மளமளவெனப் பெருகும். நெறி கட்டுவதில் இந்தப் பெருக்கத்துக்கும் பங்கு உண்டு. பெருகும்போது ஏற்பியின் மரபணுவில் சின்னச் சின்ன மாற்றங்கள் நேரும். அதனால் பிடி இறுகிய செல்கள் பிழைக்கும். பிடி தளர்ந்தவை அங்கேயே மடியும். தேறியவற்றில் ஒரு பகுதி பிளாஸ்மா செல்களாக மாறி, விநாடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடிகளைச் சுரந்து தள்ளும்.

இந்த இரண்டாவது சாவிக்குச் சிக்காமல் குழந்தைகளைப் படுத்திய பாக்டீரியா ஒன்று உண்டு: ‘ஹிப்’. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு நிமோனியாவையும் மூளையுறைக் காய்ச்சலையும் தருவது. அதன் மேலுறை முழுக்கச் சர்க்கரைச் சங்கிலிகள். உதவி டி செல்லுக்குப் புரதத் துணுக்கைத்தான் காட்ட முடியும். இந்தச் சர்க்கரையைக் காட்ட முடியாது. பெரியவர்களின் பி செல்கள் டி செல் துணையின்றியே ஓரளவு சமாளித்துவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அது பலிப்பதில்லை. 1985-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஹிப் தடுப்பூசி வெறும் சர்க்கரையால் ஆனது. ஆகவே, நோய் அதிகம் தாக்கும் கைக்குழந்தைகளுக்கே அது உதவவில்லை.

ஜான் ராபின்ஸும் ரேச்சல் ஷ்னீர்சனும் ஒருபக்கம், டேவிட் ஸ்மித்தும் போர்ட்டர் ஆண்டர்சனும் இன்னொரு பக்கம் இதற்கு வழி கண்டார்கள். சர்க்கரையோடு ஒரு புரதத்தைப் பிணைத்துவிட்டார்கள். பி செல் பிடிப்பது சர்க்கரையை. கூடவே புரதமும் உள்ளே போகிறது. டி செல் புரதத் துணுக்கைப் பார்த்துச் சம்மதிக்கிறது. பி செல்லோ சர்க்கரைக்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கிறது! 1990-ல் இந்த இணைப்புத் தடுப்பூசி கைக்குழந்தைகளுக்கும் வந்தது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 20,000 குழந்தைகளைக் கடுமையாகத் தாக்கிவந்த ஹிப் நோய், 99 சதவீதம் குறைந்துபோனது.

நம் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹிப்பையும் சேர்த்து ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி, 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் தொடங்கியது. பிறந்த 6, 10, 14-வது வாரங்களில் குழந்தையின் தொடையில் போடுகிறார்கள். ‘ஒரே ஊசியாகப் போட்டால் என்ன, பிள்ளையை மூன்று முறை அழவிட வேண்டுமா?’ என்று கேட்காத தாய் இல்லை. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் தேறிய பி செல்களில் சில, நினைவு செல்களாகத் தங்கும். அடுத்த ஊசி அவற்றை மறுபடி பெருக்கும், எண்ணிக்கையைக் கூட்டும். அதற்காகத்தான் இத்தனை தவணை.

அந்த நினைவு எத்தனை காலம் நிற்கும்? 1918 ஃப்ளூவுக்கு முன்பே பிறந்து, அந்தக் காலத்தைக் கடந்து வாழ்ந்த 32 முதியவர்களின் ரத்தத்தை ஆராய்ந்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த ரத்தத்தில் என்ன இருந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)