சிறு பள்ளி நூலக அறைக்கு மேசை, நாற்காலி வாங்குமுன்

நம் அன்பர்களில் சிலர், தம் பகுதியிலுள்ள சிறு பள்ளிக்கு நூலக வகுப்பறை ஒன்று அமைத்துத் தர விரும்புகின்றனர். புத்தகம் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையை அலமாரி, மேசை வாங்குவதில் பலரும் காட்டுவதில்லை. இத்தகைய பணியில் சில முறை உடனிருந்தவன் என்ற முறையில், அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், 1962இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கி, 1972இல் இவ்வூரிலேயே மறைந்தவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே என்பதாகும். தரையில் நின்றபடி கைக்கு எட்டாத உயரத்தில் நூல்களை வைக்கலாகாது என்பதும் அவர் கருத்து. ஆரம்பப் பள்ளியில் அந்தக் கை ஏழெட்டு வயதுக் குழந்தையின் கை. ஆகவே அறையை அளப்பதோடு பிள்ளைகளின் உயரத்தையும் அளந்துகொள்ள வேண்டும்.

முதலில் அலமாரி. ஒரு பள்ளியில் நன்கொடை நூல்களெல்லாம் இரும்பு பீரோவில் இருந்தன. சாவி அலுவலகத்தில் இருந்தது. கதவில்லாத தட்டுகளுக்கு மாற்றிய பிறகே பிள்ளைகள் அவற்றைத் தொட்டனர். நான்கடி உயரம் போதும். தட்டின் ஆழம் பத்து முதல் பன்னிரண்டு அங்குலம் இருக்கலாம். நீளம் மூன்றடியைத் தாண்டினால் முக்கால் அங்குலப் பலகை பாரம் தாங்காமல் தொய்யும். சிறுவர் நூல்கள் மெல்லியவை. பலவற்றின் முதுகில் தலைப்பே இராது. எனவே ஒரு தட்டையாவது சாய்வாக அமைத்து, விளிம்பில் சட்டம் அடித்து, அட்டைப்படம் தெரியும்படி வையுங்கள். பிள்ளைகள் தட்டில் ஏறத்தான் செய்வார்கள். அலமாரியைச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்குவது மிக அவசியம். ஈரம் கசியும் சுவரைத் தவிர்க்கவும். அடித்தட்டு தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்ந்திருந்தால் கூட்டிப் பெருக்கவும் கரையானைக் கவனிக்கவும் எளிது.

அடுத்து மேசை, நாற்காலி. பெரியவர் மேசை சுமார் 30 அங்குலம், நாற்காலி 18 அங்குலம். எட்டு வயதுப் பிள்ளைக்கு 23 அங்குல மேசையும் 14 அங்குல இருக்கையும் ஏறத்தாழப் பொருந்தும். உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும்; அதுவே சோதனை. ஒரு மாதிரி நாற்காலியைக் கொண்டுவந்து பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்த்த பின் மீதியை வாங்கலாம். மைசூர் சாலை மரக்கடைகளில் பலகை வாங்கித் தச்சரிடம் செய்விப்பதானால், மேசை முனைகளை உருட்டச் சொல்லுங்கள்.

அறை முழுவதையும் நாற்காலியால் நிரப்ப வேண்டாம். மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விட்டு ஜமுக்காளம் விரித்தால், கதை கேட்க வகுப்பு முழுவதும் வட்டமாக அமரும், செலவும் குறையும். அலமாரிகளுக்கிடையே மூன்றடி வழி விட்டால் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் தானே நூலெடுக்கும்.

இந்நகரில் நம் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசினாலும், தமிழ் எழுத்தைக் காணும் இடங்கள் சிலவே. அவ்விடங்களுள் ஒன்று பள்ளி நூலகம். அங்குள்ள தமிழ் நூலை, யாரையும் கேளாமல் ஒரு குழந்தை தானே எடுக்க முடிகிறதா என்பதை மனத்திற்கொண்டு அன்பர்கள் தேர்ந்தெடுப்பார்களாக.