கொடுத்தாச்சு என்றால் கணக்கைக் காட்டு

"வீரபாண்டித் திருவிழாவுக்குள்ள கணக்கை முடிச்சிரலாம்" என்ற முதலாளி, ஆடி பிறந்த பிறகு "அதெல்லாம் அப்பவே கொடுத்தாச்சே" என்கிறார். ரசீது யாரிடமும் இல்லை. இந்த இடத்தில் தோற்றுவிட்டதாகவே பல தொழிலாளர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் சொல்வது வேறு.

2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. கூலி வரவில்லை என்று மனு கொடுத்துவிட்டால், கொடுத்ததை நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. அங்கே வேலை பார்த்ததை மட்டும் தொழிலாளி காட்டியாக வேண்டும். காலண்டர் தாளில் நாள்வாரியாகக் குறித்தது, வாட்ஸ்அப்பில் வந்த 'நாளைக்கு வாங்க', ஜிபேயில் விழுந்த 500 ரூபாய், கூட வேலை செய்தவரின் வாய்ச்சொல் எல்லாமே உதவும்.

தினக்கூலியை அன்றைய வேலை முடிந்ததும் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளத்துக்கு அடுத்த மாதம் 7ஆம் தேதி வரை கெடு. வேலையை விட்டு நின்றாலோ நிறுத்தினாலோ 2 வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். அட்வான்ஸைக் கழிக்கிறேன் என்று பாதிச் சம்பளத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. மனு கொடுக்க 3 ஆண்டு அவகாசம் உண்டு. பாக்கியோடு அதைப்போல் 10 மடங்கு வரை இழப்பீடு விதிக்கலாம். கட்டாவிட்டால் கலெக்டர் மூலம் நிலவரி பாக்கிபோல வசூலாகும்.

எந்தக் கலெக்டர் என்பதில்தான் தேனிப் பக்கத்துச் சிக்கல். விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களின் வேலையிடம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்குள்ள தொழிலாளர் துறையில்தான் மனு கொடுக்க வேண்டும். பலருக்குத் தெரிந்ததோ ஜீப்காரரும் கங்காணியும்தான். தோட்டம் யாருடையது என்று தெரியாது. ஒப்பந்தக்காரர் கைவிரித்தால் தோட்ட உரிமையாளர்தான் கூலி கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே முதல் நாளே தோட்டத்தின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இதே இடுக்கி மாவட்டத்தில், 2015 செப்டம்பரில் மூணாறு கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களில் போனஸ் 10 சதவீதம்தான் என்றதும், தமிழ்ப் பெண்கள் சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. அவர்கள் தோட்ட லயத்திலேயே குடியிருந்த நிரந்தரத் தொழிலாளர்கள். ஜீப்பில் போய்வருகிறவருக்கு அந்தப் பலம் கிடையாது. எதிர்த்துப் பேசினால் மறுநாள் ஜீப்பில் இடம் இருக்காது. அதனால்தான் மனுவைத் தொழிலாளி மட்டுமல்ல, அவர் உறுப்பினராக உள்ள பதிவுபெற்ற சங்கமோ தொழிலாளர் ஆய்வாளரோ கொடுக்கவும் சட்டம் இடம் தந்திருக்கிறது.