அயலூரில் நோயுற்றவர்

பிறந்த ஊரில் நோயுற்றவனுக்கு நோய் ஒன்றே பாரம். அயலூரில் நோயுற்றவனுக்கோ மொழியும் பாரம், உணவும் பாரம், தனிமையும் பாரம். பிழைப்பை நாடித் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவ்வேளையில் அவ்வூரார் காட்டும் பரிவு எப்படிப்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு.

உடன்கட்டை ஏறும் வழக்கத்தை எதிர்த்துப் போராடிய ராஜா ராம்மோகன் ராய், மொகலாய மன்னர் இரண்டாம் அக்பரின் தூதராக 1831-ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்றார். கல்கத்தாவில் கல்விப் பணி புரிந்த டேவிட் ஹேரின் சகோதரர்கள் லண்டனில் அவரைத் தங்கள் இல்லத்தில் வைத்துப் போற்றினர். 1833 செப்டம்பரில் பிரிஸ்டல் நகருக்கு அருகே ஸ்டேபிள்டன் குரோவ் என்னும் மாளிகைக்கு அவர் விருந்தினராகச் சென்றார். அது காசில் என்னும் இளம்பெண்ணின் இல்லம். லான்ட் கார்ப்பென்டர் என்னும் சமய போதகர் அவளுக்குக் காப்பாளராக இருந்தார். அங்கேதான் ராஜாவைக் காய்ச்சல் பற்றியது.

எஸ்ட்லின் என்னும் வைத்தியர் வந்து கவனித்தார். பின்னர் வேறு வைத்தியர்களும் அழைக்கப்பட்டனர். ஹேர் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் அருகிருந்து பணிவிடை செய்தார். ராஜாவின் வளர்ப்பு மகன் ராஜாராமும், உடன் சென்றிருந்த இந்தியப் பணியாளர்களும் அவருடனேயே இருந்தனர். ஆயினும் அக்கால வைத்தியத்தால் அவரைக் காக்க இயலவில்லை. செப்டம்பர் 27-ஆம் நாள் விடியுமுன் அவர் உயிர் நீத்தார்.

இதுவரை அவர்கள் செய்தது நல்லோர் எவரும் செய்யக்கூடியதே. அவர்களுடைய பரிவின் உண்மையான சோதனை இதற்குப் பின்னரே வந்தது. தம்மைக் கிறிஸ்தவ இடுகாட்டில் புதைத்தல் கூடாது என்று ராஜா முன்னரே சொல்லியிருந்தார். அவ்வாறு புதைத்தால் அவர் மதம் மாறிவிட்டார் என்று பேச்செழும். மக்களின் சொத்துரிமைக்கும் ஊறு நேரும். உயிரற்றவர் தம் விருப்பத்தை மீண்டும் எடுத்துரைக்க இயலாது. ஊர் வழக்கப்படியே சடங்கு செய்து முடித்திருந்தாலும் தட்டிக் கேட்பார் இல்லை. ஆனால் அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. காசில் தம் இல்லத்துத் தோட்டத்திலேயே, மரநிழலில் இடம் அளித்தார். அக்டோபர் 18-ஆம் நாள், சமயச் சடங்கு ஏதுமின்றி, பூணூல் அணிந்தபடியே, மௌனமாக அவருடல் அடக்கம் செய்யப்பட்டது.

அயலானின் நோய்க்கு மருந்து தருவது பரிவில் ஒரு பாதி. அவன் தளர்ந்து கிடக்கும் வேளையில் அவனைத் தம்மைப்போல் ஆக்கிவிட முயலாமல், அவனை அவனாகவே காப்பது மற்றொரு பாதி. முதற்பாதியைப் பலரும் செய்வர்; இரண்டாம் பாதி அரிது.

1843-ஆம் ஆண்டு அவருடல் பிரிஸ்டலிலேயே ஆர்னோஸ் வேல் இடுகாட்டுக்கு மாற்றப்பட்டது. துவாரகாநாத் தாகூர் அங்கே இந்தியச் சிற்ப முறையில் ஒரு கல் மண்டபம் எழுப்புவித்தார். கார்ப்பென்டரின் மகள் மேரியின் உள்ளத்தில் ராஜாவின் நினைவு நீங்காது நின்றது. அவர் 1866-ஆம் ஆண்டு இந்தியா வந்து, பம்பாய், சென்னை, கல்கத்தா ஆகிய நகரங்களைக் கண்டு, பெண்கல்விக்காக உழைத்தார். நோயாளிக்குச் செய்த உதவி, அவர் பிறந்த நாட்டின் மீது கொண்ட அன்பாகவும் மலர்ந்தது.

நாம் குடியேறிய ஊரில் நமக்குக் கஞ்சி காய்ச்சித் தந்தவர்களும், நம் மொழி அறியாமலே மருத்துவமனை வாயிலில் நமக்காக வரிசையில் நின்றவர்களும் உண்டு. அக்கடனை அவர்களுக்கே திருப்பிச் செலுத்தும் வாய்ப்பு எப்பொழுதும் வருவதில்லை. ஆனால் நம் தெருவிலேயே வேற்று மொழி பேசும் தொழிலாளி ஒருவர் நோயுற்றுக் கிடக்கக்கூடும். அவருக்கு எவ்வுணவு ஆகும், எவ்வுணவு ஆகாது என்று கேட்டறிவோம். அவர் வீட்டாருக்குச் செய்தி அனுப்புவோம். அவர் வணங்கும் தெய்வத்தை அவர் வழியிலேயே வணங்க விடுவோம். பெற்ற கடனை அடைக்க இதுவும் ஒரு வழியே.