கற்பனைக் கவசமும் இயற்பியல் கணக்கும்

கற்பனைக் கதைகளில் வரும் கவசம் ஒழுங்காக வடிவமைக்கப்பட்டதா என்று அறிய, மார்பைவிட அக்குளைப் பார்ப்பது நல்லது. மார்பை மூட வளைந்த ஒரு தகடு போதும். கையைத் தூக்க, முழங்காலை மடக்க, இடுப்பைத் திருப்ப வேண்டிய இடங்களில்தான் கவசம் செய்பவரின் கைத்திறன் தெரியும். 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கவசக் கொல்லர்கள், தகடு எட்டாத அக்குளையும் முழங்கை மடிப்பையும் இரும்பு வளையப் பின்னலால் மூடினார்கள். எதிரியின் குத்துவாளும் அந்த இடங்களையே தேடி வந்தது. கணினி விளையாட்டுகளில் தலையைவிடப் பெரிய தோள் தகடுகளோடு வீரர்கள் திரிகிறார்கள். அவற்றை மாட்டிக்கொண்டு வாளை ஓங்கினால் தகடு முதலில் சொந்தக் கன்னத்தில் இடிக்கும்.

வளையக் கவசத்தின் பலமும் பலவீனமும் டோல்கீனுக்குத் தெரிந்திருந்தன. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் ஃப்ரோடோ சட்டைக்குள் அணிந்திருப்பது மித்ரில் என்ற கற்பனை உலோகத்தால் ஆன வளையக் கவசம். ஈட்டி அதைத் துளைக்கவில்லை. ஆனால் கவசத்தைக் கழற்றிப் பார்த்தால் விலாவில் கறுத்த ரத்தக்கட்டு. ஓரிடத்தில் வளையங்கள் உள்ளே போட்டிருந்த தோல் சட்டையையும் தாண்டிச் சதையில் பதிந்திருக்கின்றன. நடக்கக்கூடியது அதுதான். வளையப் பின்னல் கூர்மையைத் தடுக்கும். அடியின் வேகத்தைத் தடுக்காது. துணிபோல் வளைந்து கொடுப்பதால் அடி அப்படியே உடம்புக்குப் போய்விடும். அதனால்தான் நிஜ வீரர்கள் அடியில் பஞ்சு அடைத்துத் தைத்த தடித்த அங்கியைப் போட்டுக்கொண்டார்கள். மாய உலோகத்துக்கும் இந்த விதியைத் தளர்த்தாதது டோல்கீனின் நேர்மை. இந்த நாவலைப் படமாக்கியபோது, நியூசிலாந்தின் வெலிங்டனில் உள்ள வேட்டா பட்டறை பிளாஸ்டிக் குழாய்களை வளையங்களாக நறுக்கி, கையால் கோத்து, உலோகம்போல் தோன்றச் செய்தது. நாள் முழுக்க ஓடி நடிப்பவர்கள் மீது இரும்பை ஏற்ற முடியாது.

தகட்டுக் கவசம் உடம்பைக் காப்பதில் தடிமனுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு வடிவத்துக்கும் உண்டு. மார்புத் தகடு பல இடங்களில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். அது புடைத்து வளைந்திருப்பதால், ஈட்டி முனை நேராகப் பதியாமல் பக்கவாட்டில் வழுக்கிப் போகும். நடுவில் ஒரு முகடு இருந்தால் இன்னும் நல்லது. பெண் வீரர்களுக்கு மார்பின் வடிவிலேயே இரண்டு கிண்ணங்கள் அடித்துக் கொடுக்கும் வழக்கம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது: இரு கிண்ணங்களுக்கும் நடுவிலுள்ள பள்ளம் வழுக்கி வரும் முனையை நேராக நெஞ்செலும்புக்குக் கூட்டிச் செல்லும். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் வரும் பிரியென்னின் கவசம் ஆண்களின் கவசத்தைப் போலவே செய்யப்பட்டிருப்பது அதனால் நல்ல வடிவமைப்பு. கவசத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முட்களுக்கும் இதே குறை உண்டு. வழுக்க வேண்டிய வாள் அவற்றில் மாட்டிக்கொள்ளும்.

எங்கே மூடாமல் விடுவது என்பதும் வடிவமைப்புதான். ‘எக்ஸ்காலிபர்’ (1981) படத்துக்கு அலுமினியத்தில் கவசம் அடித்த டெரி இங்கிலிஷ், ‘ஏலியன்ஸ்’ (1986) படத்தின் விண்வெளிச் சிப்பாய்களுக்கும் கவசம் செய்தார். அதுவும் அலுமினியம்தான். மார்பும் தோளும் காலும் மூடியிருக்க, கைகள் வெறும் சீருடைத் துணியோடு நிற்கும். துப்பாக்கி சுமப்பவருக்குக் கை ஓட்டம் முக்கியம். தகடுகளின் மேல் சிப்பாய்கள் கிறுக்கிய எழுத்தும் படமும் இருக்கும். தினமும் போட்டுப் பழகிய பொருள் என்று அவை காட்டிவிடுகின்றன. வேற்றுயிரின் அமிலம் தெறித்த ஒரு காட்சியில் ஹிக்ஸ் என்ற சிப்பாயின் மார்புத் தகட்டை அவசரமாகக் கழற்றி எறிவார்கள். அவசரத்தில் கழற்ற வராத கவசமாக இருந்தால் அன்றே அவர் கதை முடிந்திருக்கும்.

எடையால் கவச வீரர் அசையவே முடியாது என்ற பொதுவான எண்ணம் பாதிதான் சரி. போர்க்களத் தகட்டுக் கவசம் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ. அணிந்தவர் தரையில் விழுந்தாலும் தானே எழுந்துவிடுவார். ஆனால் அந்தச் சுமைக்கு உடம்பு கொடுக்கும் விலை அதிகம். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் அஸ்க்யூ குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 30 முதல் 50 கிலோ எடையுள்ள கவச மாதிரிகளை அணிந்தவர்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டது. நடக்கச் செலவான ஆற்றல் இரு மடங்குக்கு மேல் போனது. கால் தகடுகளை ஒவ்வொரு அடிக்கும் வீசி நகர்த்த வேண்டியிருந்ததும், இறுகிய மார்புத் தகட்டுக்குள் ஆழமாக மூச்சுவிட முடியாததும் அதற்குக் காரணங்கள்.

மூட்டுகளின் கதைக்கு உச்சம் ஒரு நிஜக் கவசம். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1520-இல் பிரான்சில் நடக்கவிருந்த போட்டிக்காகக் கிரீனிச்சில் செய்வித்த கவசத்தில் வெறும் தோல் தெரியும் இடமே இல்லை. முழங்காலின் பின்புறம், முழங்கையின் உள்மடிப்பு, பிட்டம் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் பட்டைகள் மூடுகின்றன. எடை 42 கிலோவுக்கு மேல். போட்டி விதிகள் மாறியதால் வேலை முடியாமலே நின்றுபோனது. இன்று லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1960-களில் விண்வெளி உடை வடிவமைத்த அமெரிக்கப் பொறியாளர்கள் இதன் மூட்டுகளை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய சிக்கலும் அதுதான்: காற்றடைத்த உடை மடங்கும்போது உள்ளே இருக்கும் கொள்ளளவு குறைந்தால், மடக்குவதை அது எதிர்க்கும். 1965-இல் விண்வெளியில் நடந்த அலெக்சி லியோனோவால், உடை உப்பி விறைத்துப்போனதால் அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் கலத்துக்குள் திரும்ப முடிந்தது. மடக்கினாலும் கொள்ளளவு மாறாத மூட்டு வேண்டும். 1980-களில் நாசா செய்து பார்த்த ஏஎக்ஸ்-5 என்ற அலுமினிய உடை அந்த வழியில் வந்தது. அது விண்ணுக்குப் போகவில்லை.

எடையை அணிபவர் சுமக்காமல் உடையே சுமந்தால் என்ன? ராபர்ட் ஹைன்லைன் 1959-இல் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ நாவலில் அந்த யோசனையைப் பிரபலமாக்கினார். ‘அயர்ன் மேன்’ அதன் வாரிசு. அங்கே உடைக்கு வெளியே நடப்பதைவிட உள்ளே நடப்பதுதான் தொல்லை. நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பறப்பவர் சுவரில் மோதி 10 சென்டிமீட்டருக்குள் நின்றால், உடம்பு தாங்க வேண்டியது புவியீர்ப்பைப்போல் சுமார் 5,000 மடங்கு. 1954-இல் ராக்கெட் வண்டியில் அமர்ந்து ஜான் ஸ்டாப் என்ற ஆய்வாளர் தாங்கியது 46 மடங்கு. உறை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் மூளை தகர டப்பாவில் போட்ட முட்டைதான். உடையை இயக்கத் தேவையான மின்சாரம் இன்னொரு முட்டுக்கட்டை. அமெரிக்கச் சிறப்புப் படைகள் 2013-இல் தொடங்கிய ‘டாலோஸ்’ உடைத் திட்டம் முழு உடையை எட்டாமலே 2019-இல் கைவிடப்பட்டது.

வெப்பத்தைக் கதாசிரியர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டூன்’ (1965) நாவலில் பாலைவன மக்கள் அணியும் ஸ்டில்சூட், வியர்வையையும் சிறுநீரையும் வடிகட்டிக் குடிநீராக்குகிறது. நடையும் மூச்சுமே அதை இயக்கும் விசை. மனித அசைவையே சக்தியாக்கியது அருமையான யோசனை. ஆனால் ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது உடம்பிலிருந்து சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அந்த ஆவியை உடைக்குள்ளேயே மீண்டும் நீராக்கினால் அவ்வளவு வெப்பமும் திரும்பி வந்துவிடும். வெளிக்காற்று உடம்பைவிடச் சூடாக இருக்கும் பாலையில் அதைக் கொட்ட இடமில்லை. அப்பல்லோ வீரர்கள் தோலை ஒட்டி மெல்லிய நீர்க்குழாய்கள் ஓடும் உள்ளாடை அணிந்தார்கள். அது சேகரித்த வெப்பம் முதுகுப் பெட்டியில் இருந்த பனியை ஆவியாக்கி வெற்றிடத்தில் விட்டது. ஸ்டில்சூட் சொட்டுச் சொட்டாகச் சேமிக்கும் தண்ணீரை, நிஜ உடை குளிர்ச்சிக்காக வெளியே விட வேண்டியிருந்தது.