குடல் நலம்: கேப்ஸ்யூல் வாங்கும் முன் மட்டாஞ்சேரி தட்டைக் கொஞ்சம் பாருங்கள்

மதியச் சாப்பாடு முடிந்ததும் வயிறு உப்புசம். ராத்திரி டெலிவரியில் வந்த பிரியாணிக்குப் பிறகு நெஞ்செரிச்சல். காலையில் பாத்ரூமில் அரை மணி நேரம். இதில் ஏதாவது ஒன்று உங்களுக்கும் இருக்கலாம். இதற்குத் தீர்வாக இன்ஸ்டாகிராம் காட்டுவது பெரும்பாலும் ஒரு பாட்டிலோ டப்பாவோதான்: புரோபயாட்டிக் கேப்ஸ்யூல், கொம்புச்சா, 'டீடாக்ஸ்' பொடி.

ஆனால் ஆய்வுகள் காட்டும் திசை வேறு. குடலுக்கு முதலில் தேவைப்படுவது வகைவகையான தாவர உணவு. அது எப்படி இருக்கும் என்று பார்க்க, கொச்சியின் மட்டாஞ்சேரி நல்ல உதாரணம்.

குடலுக்குள் என்ன நடக்கிறது?

நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. இவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன.

நார்ச்சத்தை நம் உடலின் நொதிகளால் உடைக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு இந்த பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். நார்ச்சத்து கிடைக்காவிட்டால்? குடல் சுவரைப் பாதுகாக்கும் சளிப் படலத்தையே சில பாக்டீரியாக்கள் தின்னத் தொடங்குவதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் ஒவ்வொரு வகை நார் பிடிக்கும். அதனால்தான் அளவோடு சேர்த்து வகையும் முக்கியம். 2018-ல் வெளியான 'அமெரிக்கன் கட் புராஜெக்ட்' ஆய்வில், வாரத்துக்கு 30-க்கும் மேற்பட்ட தாவர வகைகளைச் சாப்பிட்டவர்களின் குடலில், 10-க்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட அதிக வகை நுண்ணுயிரிகள் இருந்தன. ஒன்றைக் கவனியுங்கள்: இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை.

30 வகை சாத்தியமா?

ஓட்ஸ், பிராக்கோலி, சியா விதை என்று யோசித்தால் கஷ்டம். மட்டாஞ்சேரியில் யோசித்தால் சுலபம். மலையாளிகள், கொங்கணிகள், குஜராத்திகள், தமிழர்கள் என்று பல சமூகங்கள் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் இடம் அது.

மலையாளி வீட்டில் புட்டும் கடலைக் கறியும், பல காய்கள் சேர்ந்த அவியலும். கொங்கணி வீட்டில் முளைகட்டிய பச்சைப்பயறுக் குழம்பு, சேப்பங்கிழங்கு இலையில் மாவு தடவிச் சுருட்டி வேகவைக்கும் பத்ரோடே. குஜராத்தி வீட்டில் டோக்ளா, மோர். தமிழர் வீட்டில் சாம்பார், கூட்டு, கீரை மசியல். ஒரு வாரத்தில் இவற்றை மாற்றி மாற்றிச் சாப்பிட்டாலே பட்டியல் நீண்டுவிடும். இதில் எதுவுமே 'சூப்பர் ஃபுட்' விலையில் வருவதில்லை.

அளவு எவ்வளவு? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 7 கிராமும், ஒரு நடுத்தரக் கொய்யாவில் சுமார் 5 கிராமும் இருக்கும். அன்றைய தேவையில் கிட்டத்தட்ட பாதி முடிந்தது. அதே 100 கிராம் வெள்ளைச் சோற்றில் கிடைப்பது 1 கிராமுக்கும் குறைவு.

இட்லி புரோபயாட்டிக் உணவா?

மாவு புளிக்கும்போது நல்ல பாக்டீரியாக்கள் பெருகுவது உண்மை. ஆனால் ஆவியில் வேகும்போது அவை இறந்துவிடும். இட்லி எளிதில் செரிக்கும் நல்ல உணவு, ஆனால் உயிருள்ள பாக்டீரியா அதில் கிடைக்காது. அது வேண்டுமென்றால் தயிர், மோர், பழைய சோறு. கேரளத்தில் பழங்கஞ்சி என்பார்களே, அதேதான். குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்பதைச் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஆய்வுக்கே எடுத்துக்கொண்டது.

2021-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 36 பேரிடம் நடத்திய ஆய்வில், 10 வாரம் புளித்த உணவுகளை அதிகம் சாப்பிட்டவர்களிடம் நுண்ணுயிர் வகைகள் கூடின, அழற்சியைக் காட்டும் புரதங்கள் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கவனிக்க வேண்டியது.

ஒரு எச்சரிக்கை: சோற்றை மணிக்கணக்கில் வெளியே விட்டுவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆறியதும் ஊற்றி மூடி, காலையில் சாப்பிட்டுவிடுங்கள். கெட்ட வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். கெட்டுப்போன சோற்றில் உருவாகும் சில நச்சுகள் சூடாக்கினாலும் போகாது.

மெடிக்கல் ஷாப்பில் கவனம்

சளி பிடித்ததும் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்குவது குடலுக்குச் செய்யும் பெரிய கெடுதல். நோய்க் கிருமியோடு நல்ல பாக்டீரியாக்களையும் அது அழிக்கும். மருந்துச் சீட்டில்லாத இந்த விற்பனையைத் தடுக்க, கேரள அரசு 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் மருந்துக் கடைகளில் சோதனை தொடங்கியது.

"ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாலும் கூடவே புரோபயாட்டிக் போட்டால் சரியாகிவிடுமே?" அவ்வளவு எளிதல்ல. 2018-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வில், ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் புரோபயாட்டிக் எடுத்தவர்களின் சொந்த பாக்டீரியாக்கள் திரும்பி வர இன்னும் தாமதமானது. பெரும்பாலான செரிமானப் பிரச்சினைகளுக்குப் புரோபயாட்டிக்கைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கமும் 2020-ல் சொன்னது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம்.

சரி, என்ன பண்ணலாம்?

• இந்த வாரம் சாப்பிட்ட தாவர வகைகளை போனில் எண்ணிப் பாருங்கள். அடுத்த வாரம் 5 கூட்டுங்கள்.
• தினமும் ஒரு பயறு அல்லது பருப்பு, ஒரு கீரை அல்லது காய், ஒரு முழுப் பழம். ஜூஸ் கணக்கில் வராது.
• மதியம் ஒரு டம்ளர் மோர்.
• நார்ச்சத்தை மெதுவாகக் கூட்டுங்கள், தண்ணீரும் குடியுங்கள். ஒரே நாளில் கூட்டினால் வாயுத் தொல்லைதான் மிஞ்சும். பயறு சாப்பிட்டால் வயிற்று வலி கூடுகிறதா? டாக்டரிடம் கேளுங்கள்.
• சாப்பிட்டதும் 10 நிமிடம் நடங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இடையே 2-3 மணி நேரம் விடுங்கள், நெஞ்செரிச்சல் குறையும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, வாரக்கணக்கில் நீடிக்கும் மாற்றம் — இவற்றில் ஒன்று இருந்தாலும் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே டாக்டரைப் பாருங்கள்.