குதிக்கால் வலி: முதலடி வைக்குமுன் ஒரு பயிற்சி

வாவியைப் பாதையில் கடந்து மண்டூருக்கு வந்து, நாள் முழுவதும் சீமெந்துத் தரையில் நின்று படிப்பிக்கும் எங்களைப் போன்றோருக்குக் குதிக்கால் வலி புதிதல்ல. "வயது போகிறது" என்று சகித்துக்கொள்கிறோம். அது தவறு.

குதியிலிருந்து விரல்களின் அடிவரை செல்லும் தடித்த நார் இரவில் இறுகிவிடுகிறது. காலையில் உடற்பாரம் ஏறியதும் இழுபட்டு நோகிறது.

ஆகவே, கட்டிலால் இறங்குமுன் நோகும் காலை மற்றத் தொடைமேல் வைத்து, விரல்களைக் கையால் முன்காலை நோக்கி மடக்கி 10 வினாடிகள் பிடியுங்கள். 10 தடவைகள், நாளுக்கு 3 முறை. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 8 வாரங்களில், வழமையான குதிநாண் பயிற்சியைவிட இதுவே கூடிய பலன் தந்தது.

வெறுங்காலுடன் சீமெந்தில் நடப்பதைக் குறையுங்கள். வீக்கமோ விறைப்போ இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். மாத்திரை வலியைத் தணிக்கும். நாரைத் தளர்த்துவது பொறுமையான பயிற்சியே.