சும்மா கிடந்தாலும் மூப்படையும் டயர்

காரிலும் லாரியிலும் உள்ள மாற்றுச் சக்கரத்தை நாம் ‘ஸ்டெப்னி’ என்கிறோம். உண்மையில் இது ஒரு தெருவின் பெயர்! வேல்ஸ் நாட்டிலுள்ள லானெல்லி என்னும் ஊரில், ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் மாற்றுச் சக்கரத்தை உருவாக்கினர். தெருவின் பெயரே பொருளுக்கும் நிலைத்துவிட்டது.

ஓடாத டயர் தேயாது. ஆகவே அது புதிதாகவே இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. தேய்மானம் வேறு, மூப்பு வேறு.

விடுமுறையில் ஒரு மாதம் தொடாமல் வைத்த சைக்கிளின் டயர்கள் தளர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சர் இல்லை, பிறகு காற்று எப்படிப் போயிற்று? ரப்பர், நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. அவற்றின் நுண்ணிய இடைவெளிகள் வழியே காற்று மெல்ல மெல்லக் கசிகிறது. கார் டயரின் உட்புறத்தில் கசிவைக் குறைக்கும் பியூட்டைல் ரப்பர் இருந்தும், மாதத்துக்குச் சுமார் ஒரு பவுண்டு அழுத்தம் குறைவது இயல்பே. 33 பவுண்டு காற்றடித்த ஸ்டெப்னியை ஓராண்டு மறந்துவிட்டால், சுமார் 21 பவுண்டுதான் மிஞ்சும். அதை மாட்டி வேகமாக ஓட்டினால், டயரின் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடிந்து நிமிர்ந்து சூடேறும். உள்ளடுக்குகள் பிரிந்து வெடிக்கவும் கூடும்.

ரப்பருக்கு மற்றொரு பகை, காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும். ஆக்சிஜன் ரப்பரை நாளடைவில் விறைப்பாக்குகிறது. ஓசோன் மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுத்து விரிசல்களை உண்டாக்குகிறது. வெப்பம் இம்மூப்பை விரைவுபடுத்தும்.

இதைக் கண்டறிவது எப்படி? மாதம் ஒருமுறை, வண்டி ஓடுமுன் காலையில் அழுத்தத்தை அளக்க வேண்டும். வெப்பநிலை 6 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அழுத்தமும் சுமார் ஒரு பவுண்டு கூடும். ஆகவே சூடான டயரின் அளவு நம்மை ஏமாற்றும். சில கார்களில் உள்ள ஒடுக்கமான தற்காலிகச் சக்கரத்துக்குப் பெரும்பாலும் 60 பவுண்டு தேவை. அதை மாட்டியபின் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. வால்வில் சோப்பு நீர் தடவினால், கசிவு குமிழியாகத் தெரியும். விரிசல், வீக்கம் உண்டா என்று இரு பக்கமும் பாருங்கள்.

டயருக்குப் பிறந்த நாளும் உண்டு! பக்கச்சுவரில் நீண்ட குறியீட்டின் இறுதியில் 2319 என்றிருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. கார் நிறுவனங்கள் பல, 6 ஆண்டுகளில் டயரை மாற்றச் சொல்கின்றன; பார்வைக்கு நன்றாக இருந்தாலும் 10 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்பது டயர் நிறுவனங்கள் பலவற்றின் அறிவுரை. ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

இச்சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். ஜாக்கியும் ஸ்பானரும் இடத்தில் உள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நள்ளிரவில், ஆளில்லாச் சாலையில் தேடுவதைவிட அது எளிது அல்லவா?